எந்த வாசலில் மாலையைக் கழற்றுவது

மகனே குமாரு,

இதை நான் எழுதுகிற இடம் கோரிப்பாளையத்தில் காதர் பாயின் மெத்தைக் கடை. உன் கல்யாணத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தாரே, அதே பாய்தான். என் முதுகுக்குப் பின்னால் கூரை முட்ட மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார். நான் கீழே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு அட்டையை மடியில் வைத்து எழுதுகிறேன். கழுத்தில் மாலை அப்படியே இருக்கிறது. பழனிக்கு நடந்து போய், சாமி பார்த்து, மலையிறங்கி, ஊர் திரும்பியும் ஆயிற்று. ஆனாலும் யாத்திரை முடியவில்லை. முடிப்பதற்கு ஒரு வாசல் வேண்டும், அது என்னிடம் இல்லை. இந்தக் கடிதம் முழுக்க அதைப் பற்றித்தான். நடுவில் நான் வேறு ஏதாவது கதை அளந்தால், அதைத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள். பாய் படித்துவிட்டுத்தான் கொண்டுவருவார். ஊரே படித்தாலும் சரிதான், இனிமேல் எனக்கு ஒளித்து வைக்க ஒரு அலமாரி கூடக் கிடையாது.

போன் போடுகிறேன் என்று பாய் நான் வந்ததிலிருந்து நச்சரிக்கிறார். நான்தான் வேண்டாம் என்றேன். போனில் உன் குரலைக் கேட்டால் என் வாய் தன் குணத்தைக் காட்டிவிடும். “எனக்கென்னடா, ராசா மாதிரி வச்சிருக்காங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். நீயும் நம்பிவிடுவாய். எழுத்தில் என் கை மெதுவாகத்தான் போகும், அதனால் பொய் சொல்ல அலுப்பாக இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று ஊரில் சொல்வார்கள். அந்த எட்டாம் வகுப்பை நான் எத்தனை தடவை படித்தேன் என்று ஒருவனும் சொல்ல மாட்டான். சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரு பட்டப்படிப்புக்குச் சமம் என்று எங்கள் ஹெட்மாஸ்டரே எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்.

நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும். இருந்தாலும் பாயிடம் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். மாலை போட்டவன் சொந்த வீட்டு நிலைப்படியில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். போகும் வழியில் எங்கே வேண்டுமானாலும் தரையில் படுக்கலாம். சாமி பார்த்துவிட்டுத் திரும்பினால் நேரே வீட்டுக்குத்தான். நிலைப்படிக்கு வெளியே நிற்க வேண்டும். வீட்டு ஆள் ஒருவர் காலில் தண்ணீர் ஊற்றி, அதே கையால் மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டினால்தான் யாத்திரை முடிந்தது. அதற்கு முன்னால் வேறு வீட்டு வாசலை மிதித்தால், நடந்த பலன் அந்த வீட்டிலேயே தங்கிவிடும். சாமி பார்த்ததிலிருந்து அதுவரைக்கும் படுக்கையும் கூடாது. உட்கார்ந்தபடி கண் அசரலாம், அவ்வளவுதான். உன் சித்தி இருந்தவரை அவள் கழற்றினாள். அவள் போன பிறகு வருசா வருசம் நீ மதுரையிலிருந்து திருமங்கலத்துக்கு பஸ் ஏறி வந்து கழற்றினாய். இந்த வருசம் கழற்ற நீயும் இல்லை, நிற்க நிலைப்படியும் இல்லை.

பழனியிலிருந்து எங்கள் வேன் திருமங்கலத்தில் வந்து நின்றதும் மற்றவர்கள் எல்லாம் தெருவுக்குள் போனார்கள். ஒவ்வொரு வாசலாகத் தேங்காய் உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவனவன் வீட்டில் ஆரத்தி, தண்ணீர், பிள்ளைகளின் கூச்சல். நான் மட்டும் ரோட்டோரத்தில் நின்றேன். எதிரே நம் வீடு இருந்த இடத்தில் செம்மண் மட்டும் கிடந்தது. மண்ணில் இயந்திரத்தின் பல் தடம், அதற்கு மேல் நாலு வழிச் சாலைக்காரர்கள் போட்ட வெள்ளைப் பொடிக் கோடு. எங்களைக் கூட்டிப்போன குருசாமி ஒரு நிமிசம் என் பக்கத்தில் நின்றார். அவருக்கும் வீட்டில் காத்திருந்தார்கள். “முருகன் பாத்துக்குவான்யா” என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. மாலையோடு நிற்கிறவர் அவரும்தானே, அவருக்கும் கால் வலிக்கும்.

ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எதிர்வீட்டுப் பேச்சியம்மா ஓடி வந்தாள். அவள் வீட்டுப் பக்கம் கோடு வரவில்லை, தப்பித்துக்கொண்டது.

“அண்ணே, நீங்க அங்கிட்டுப் போகவும் மஞ்ச வண்டி இங்கிட்டு வந்திருச்சு. சாமி கும்பிடப் போன மனுசன் வீடுய்யா, வந்தப்புறம் இடிங்கய்யான்னு குறுக்க நின்னு பாத்தேன். அவருக்குச் சொல்லி ரொம்ப நாளாச்சு, தள்ளிக்கம்மான்னுட்டானுக. சாமான் அம்புட்டையும் அள்ளி எங்க வீட்ல போட்டு வச்சிருக்கேன்.”

“நிலைப்படி?”

“அது மண்ணோட மண்ணா லாரியில போயிருச்சுண்ணே.”

“சாமி படம்?”

“இருக்கு. வீட்டுக்குள்ள வந்து எடுத்துக்கங்க.”

“உன் படிய நான் மிதிக்கக் கூடாதுல்ல, தாயி.”

“சரி, நானே கொண்டாந்து ரோட்டுல தாரேன். மாட்டுறதுக்கு ஆணிய எங்க அடிப்பீக, காத்துலயா?”

கேட்டுவிட்டு அவளே அழுதுவிட்டாள். நான் அழவில்லை. பேச்சியம்மாவிடம் கேட்டுப் பார், என் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. படத்தைப் பையில் வாங்கிக்கொண்டு நிலைப்படி இருந்த இடத்தைத் தேடினேன். அங்கே ஒரு தேங்காயை உடைத்து, நானே தண்ணீர் ஊற்றி, நானே கழற்றிவிடலாம் என்று கணக்கு. இடம் பிடிபடவில்லை, குமாரு. அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான், கண்ணைக் கட்டிவிட்டாலும் அடுப்படிக்குப் போவேன் என்று எம்புட்டுத் தடவை சொல்லியிருக்கிறேன். கண்ணைத் திறந்துகொண்டு வாசல் எது கொல்லை எது என்று தெரியாமல் அந்த மண்ணில் சுற்றினேன். தொப்பி போட்ட ஒரு பையன் விசில் ஊதினான்.

“பெரியவரே, வண்டி திரும்புது, தள்ளி நில்லுங்க.”

“தம்பி, நான் நிக்கிறது என் அடுப்படியில.”

“இது சர்வீஸ் ரோடு, சாமி” என்றான் அவன். மரியாதையாகத்தான் சொன்னான்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். பொங்கலுக்கு முன்னாலேயே வேனோடு வந்தாயே, சாமான்களை ஏற்றிக்கொண்டு என்னையும் கூட்டிப்போக. தெருவே வேடிக்கை பார்க்க நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். “ரோடு என் வீட்டச் சுத்தி வளைஞ்சுதான்டா போகும். அளவெடுக்க வந்த ஆபீசரே என்னைப் பாத்து ஐயான்னு கும்பிட்டுட்டுப் போயிருக்காரு” என்றேன். அவர் கும்பிட்டது உண்மை. நான் முதலில் கும்பிட்டேன், அவர் பதிலுக்குக் கும்பிட்டார். “சித்தப்பா, ரோடு போடுறவன் உங்க பேச்சக் கேட்டா போடுவான்?” என்று நீ கேட்டாய். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூக்கிவிட்டது. “அடுத்தவன் மாடியில ஓரமா உக்காந்து சோறு திங்கிற ஆளு நான் இல்ல” என்றேன். அடுத்தவன் என்று உன்னைச் சொன்னேன். நீ வெறும் வேனில் ஏறிப் போனாய். நான் புறப்பட்ட அன்று தேங்காய் உடைக்கவும் வரவில்லை.

அந்தக் கோபத்திலும் நடந்தேன். எப்படி நடந்தேன் தெரியுமா? வாடிப்பட்டிப் பக்கம் என் வேகத்தைப் பார்த்து, பின்னால் வந்த பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, “சாமி, நீங்க மொதல்ல போயிருங்க” என்று வழிவிட்டார். ஒட்டன்சத்திரத்தில் மோர் கொடுக்கிற பந்தலில் என்னைப் பார்த்ததும் இரண்டாவது அண்டாவைத் திறந்தார்கள். போகிற வழியெல்லாம் பந்தல், தண்ணீர், காலுக்கு எண்ணெய் தேய்க்க ஆள். தோட்டக்காரர்கள் களத்தில் வைக்கோலைப் பரப்பி, “படுங்க சாமி” என்று கெஞ்சுவார்கள். நடக்கிறவனுக்கு நாடெல்லாம் இடம். நடந்து முடித்துவிட்டு வந்தவனுக்கு ஒரு பந்தலும் இல்லை. அதே பந்தல்காரர்கள் கம்பைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், வேனில் வரும்போது பார்த்தேன். உனக்கு ஒன்று சொல்கிறேன், இதை மட்டும் கிறுக்கன் பேச்சு என்று தள்ளாதே. நாளைக்கு உன் பிள்ளை பரிட்சைக்கோ வேலைக்கோ புறப்படும்போது வழியனுப்ப ஆயிரம் பேர் வருவான். அது எதையாவது முடித்துவிட்டு, ஜெயித்தோ தோற்றோ திரும்பி வரும்போது நீ வாசலில் நில். அப்போதுதான் ஆள் வேண்டும்.

திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்கினேன். உன் வீட்டுக்குத்தான் வந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் இறங்கியதும் கால் பூ மார்க்கெட் பக்கம் திரும்பிவிட்டது. நான் வருசக்கணக்காக மல்லிகை மூட்டை இறக்கிய இடம். நான் மூக்கில் வைத்துச் சொன்னால்தான் அன்றைக்கு மல்லிக்கு விலையே என்று ஒரு காலம் இருந்தது. கமிசன் கடை ராமையா என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“என்ன சாமி, தரிசனம் நல்லாச்சா? வீட்டுக்குப் போகாம இங்க என்ன பண்றீக?”

“மகன் கார் அனுப்புறான். வர்ற வரைக்கும் நம்ம மார்க்கெட்ட ஒரு சுத்துப் பாத்துட்டுப் போவோம்னு.”

“கொடுத்து வச்ச ஆளுய்யா நீரு. கால் என்ன இப்பிடி இருக்கு?”

“செம்பட்டிகிட்ட ஒரு கண்ணாடிச் சில்லு. அது கெடக்கு, கார்ல ஏறுனாச் சரியாப் போகும்.”

அதற்குமேல் அவன் என்ன சொல்வான்? மூட்டை ஓரத்தில் ஒரு சாக்கை விரித்து, “உக்காருங்கண்ணே” என்று சொல்லத்தான் வாயெடுத்தான், பார்த்தேன். கார் வருகிறவனுக்கு யார் சாக்கு விரிப்பான்? காருக்காக நிற்கிற மாதிரி நான் ரோட்டுக்கு வர வேண்டியதாகிவிட்டது. அவன் கடையிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் நான் வலப்பக்கம் பார்ப்பேன், கார் வருகிறதா என்று. பெருமை பேசு மகனே, தப்பில்லை. பேசாவிட்டால் நம்மை மாதிரி ஆட்கள் எப்படி நெஞ்சை நிமிர்த்துவது? ஆனால் பேசி முடித்த பிறகு நீ உட்காருவதற்கு ஒரு சாக்கு மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசு.

பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் கேட்டேன். லாட்ஜ் யாருக்கும் வீடு இல்லையே, படி மிதித்தாலும் பலன் அங்கே தங்காது, சுவரில் சாய்ந்தாவது இருக்கலாம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். கல்லாவில் இருந்தவன் மாலையைப் பார்த்தான், காலைப் பார்த்தான்.

“ஒத்த ஆளுக்கு ரூம் கெடையாது, சாமி.”

“சாமிங்கிற, ரூம் இல்லைங்கிற?”

“சாமிக்குக் கோயில் இருக்கு, பெரியவரே. எனக்கு முதலாளி இருக்காரு.”

நான் சிரித்துவிட்டேன். நன்றாகத்தானே சொன்னான்? பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். கூட்டுகிற அம்மா வாளியோடு வந்து, “காலத் தூக்குங்க சாமி” என்றாள். தூக்க முடியவில்லை. குனிந்து பார்த்துவிட்டு, “ஆத்தாடி, இம்புட்டு வீங்கியிருக்கே, ஆசுபத்திரிக்குப் போங்க சாமி” என்று பதறினாள். ஆஸ்பத்திரி என்றால் கட்டிலில் படு என்பான். மாலையோடு எப்படிப் படுப்பது? கழுத்தில் இந்த மாலை கிடக்கிறவரைக்கும் மதுரையில் எல்லோருக்கும் நான் சாமி. டீக்கடைக்காரர் சாமி என்கிறார், கண்டக்டர் சாமி என்கிறார், பிச்சையெடுக்கிறவர் கூடச் சாமி என்கிறார். இந்த ஊரில் சாமிகளுக்கு எம்புட்டுக் கோயில், எம்புட்டு மண்டபம்! இந்தச் சாமிக்குக் காலை நீட்ட ஒரு முழம் தரை இல்லை. சர்க்கரை உடம்பு, தெரியுமல்லவா உனக்கு? வலி விண்ணென்று ஏறி முட்டிக்கு வந்துவிட்டது. கண்ணை மூடினால் பெஞ்சு மிதந்தது.

அப்புறம்தான் உன் வீட்டுக்கு வந்தேன். ஆமாம், வந்தேன். உங்கள் கட்டடத்துக்கு எதிரே இஸ்திரி வண்டி நிற்குமே, அதன் நிழலில் நின்றேன். இஸ்திரிக்காரர், “யாரப் பாக்கணும் சாமி?” என்றார். “யாரையும் இல்ல, வெயிலுக்கு நிக்கிறேன்” என்றேன். மூன்றாவது மாடியில் மருமகள் வனிதா துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் உன் சட்டையை உதறினாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. இரண்டு தடவை தங்காமல் போனதே, இந்தத் தடவை தங்க வேண்டும், தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிய வேண்டும் என்றுதான் நடந்தேன். உனக்கு அது தெரியாது. சண்டை போட்டுவிட்டுப் போகிறவன் எப்படிச் சொல்லுவான்? மேலே ஏறலாமா வேண்டாமா என்று அந்த நிழலில் எனக்குள் ஒரு கோர்ட்டே நடந்தது. என்னைப் பார்த்தால் அந்தப் பிள்ளை, “மாமா, வாங்க” என்று தங்கமாகக் கூப்பிடும். ஆனால் வாங்க என்று கூப்பிடுவது விருந்தாளியை அல்லவா? சொந்த வீட்டுக்கு வருகிறவனை யார் வாங்க என்பார்கள்? ஊர் கேட்க உன்னை அடுத்தவன் என்று சொன்னவன் நான். அடுத்தவன் வீட்டுப் படியை மாலையோடு மிதித்தால் யாத்திரை என்ன ஆவது? வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக நடந்த நடையை ஒரு தப்பான வாசலில் கொட்டிவிட்டால்? திரும்பி நடந்தேன். இஸ்திரிக்காரர், “தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க சாமி” என்றார். அவர் தண்ணீரைக் குடித்தேன். அது ரோட்டில் நிற்கிற வண்டி, வீடில்லை.

எப்படிக் கோரிப்பாளையம் வந்து சேர்ந்தேன் என்று சரியாக நினைவில்லை. ஷேர் ஆட்டோவில் யாரோ கையைப் பிடித்து ஏற்றினார்கள். பாய் கடை வாசலில் மெத்தை தைத்துக்கொண்டிருந்தார், முழ நீள ஊசியைப் பல்லில் கடித்தபடியே எழுந்து வந்து தாங்கிப் பிடித்தார்.

“வீட்டுக்கு வாங்கண்ணே, பின்னாலதான் இருக்கு.”

“வீட்டுக்கு வேணாம் பாய். கடையில இருக்கேன். கடை வீடில்லையே.”

“சரி, அந்த மெத்தையில சாயுங்க.”

“மெத்தையும் ஆகாது.”

“ஊர்ல அம்புட்டுப் பேரும் எங்கிட்ட மெத்தை கேட்டு வாராங்க. நீங்க ஒருத்தர்தாண்ணே தரை கேட்டு வந்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு, தரையைத் துடைத்து உட்கார வைத்து, வெந்நீரில் காலைக் கழுவித் துணி சுற்றினார். கழுவும்போது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். “ஆண்டவனே” என்று முணுமுணுத்தார். பக்கத்து மருந்துக் கடைக்காரரும் வந்து பார்த்துவிட்டு, இனி ஒரு நாளும் தள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவர்களிடம், இதைவிடப் பெரிய புண்ணோடு மலை ஏறியிருக்கிறேன், முருகன் வேலால் தொட்டு ஆற்றினான் என்று ஒரு கதை சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை.

பிறகு பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வீடு போனது, வழக்கம், வனிதா, இஸ்திரி வண்டி நிழல், எல்லாம். அவர் தைப்பதை நிறுத்தாமல் கேட்டார். கேட்டுவிட்டு நூலைக் கடித்துத் துப்பினார்.

“அண்ணே, எனக்கு உங்க சட்டமெல்லாம் தெரியாது. ஒண்ணு கேக்கவா? வேற வீட்டுப் படிய மிதிச்சா பலன் அந்த வீட்டுல தங்கிரும். அதான?”

“ஆமா.”

“நீங்க நடந்தது யாருக்கு?”

“மருமகளுக்கு. பிள்ளைக்கு.”

“அவங்க எங்க இருக்காங்க?”

“மகன் வீட்ல.”

“அப்பப் பலன் அங்க தங்குனா என்னண்ணே கெட்டுப் போச்சு? அங்க தங்கணும்னுதான நடந்தீங்க? அது உங்க வீடுன்னாலும் சரி, அடுத்தவன் வீடுன்னாலும் சரி, கணக்கு நேராத்தான வருது? பிறகு எதுக்கு வெயில்ல நின்னுட்டுத் திரும்பி வந்தீங்க?”

பாய் என்னை மடக்கிவிட்டார், குமாரு. என்னை! ஊர்ப் பஞ்சாயத்தில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்கிறவன் நான்.  சாமிக் காரியத்துக்காகத் திரும்பினேன் என்று நான் எனக்கே அளந்திருக்கிறேன். நான் திரும்பியதற்கு வழக்கம் காரணமே இல்லை. மேலே ஏறிவந்து, நீ கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, ஒரு நொடி யோசித்துவிட்டு வாங்க என்று சொன்னால் அந்த ஒரு நொடியைத் தாங்க முடியாது என்று திரும்பினேன். பலன் உன் வீட்டில் தங்கிவிடும், அதற்கு என் தயவு தேவையில்லை. தங்க இடம் தெரியாமல் நிற்பது நான்தான்.

உன் அம்மா பிரசவத்தோடு போய், அண்ணனும் மஞ்சள் காமாலையில் போன பிறகு உன்னைத் தூக்கி வந்தோம். உனக்கு நாலு வயது இருக்கும். வந்த புதிதில் நீ கதவோரமாகவே உட்கார்ந்திருப்பாய், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு. தண்ணீர் வேண்டுமென்றால் கூட, “சித்தி, குடிக்கட்டா?” என்று கேட்பாய். உன் சித்திக்கு அது பொறுக்கவில்லை. “இந்தப் பய எப்பங்க நம்ம வீட்டுக்கு வருவான்?” என்று என்னிடம் கேட்பாள். நான், பையன் ராஜ குடும்பத்து ஒழுக்கத்தோடு பிறந்தவன் என்று அளந்தேன். ஒரு நாள் யாரையும் கேட்காமல் பானைக்குள் கையை விட்டு வெல்லத்தை அள்ளித் தின்று, பானையையும் உடைத்தாய். அவள் முதுகில் இரண்டு வைத்தாள். வைத்துவிட்டு வெளியே ஓடி வந்து, சிரிப்பும் அழுகையுமாக, “வந்துட்டான்ங்க, இன்னைக்கு வந்துட்டான்” என்றாள். அன்றிலிருந்து நீ எதையும் கேட்டதில்லை. சைக்கிள் எடுத்தாய், சட்டையை எடுத்தாய், கல்யாணத்துக்குக் கூட நாள் குறித்துவிட்டுத்தான் சொன்னாய். எனக்குக் கோபம் வந்ததா? உள்ளுக்குள் எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா?

உன்னால் அப்போது முடிந்தது என்னால் இப்போது முடியவில்லை. என் வயதில் பானைக்குள் கை விடக் கூச்சமாக இருக்கிறது. உன் வீட்டில் எந்த டப்பாவில் சர்க்கரை, எதில் உப்பு என்று எனக்குத் தெரியாது. பால் காய்ச்சின அன்று வந்ததுதான், அன்றும் மாடிப்படியில் நின்று உங்கள் குடியிருப்புக்காரர்களிடம் இந்தக் கட்டடத்துக்கு மணல் அனுப்பியதே நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே சரியாகப் பார்க்கவில்லை. நிலைப்படி கூட இல்லாமல் தரை வழவழவென்று ஓடியது நினைவிருக்கிறது. இல்லாவிட்டால் என்ன, கதவு இருக்கிறதல்லவா? நான் சொன்ன அந்த அடுத்தவன் என்ற சொல்லை நீ மனதில் வைத்திருந்தால், வைத்திரு, உனக்கு உரிமை இருக்கிறது. அதைக் கழுவ நான் ஒரு வார்த்தை தேடிப் பார்த்தேன். என்னிடம் உள்ள வார்த்தைகள் எல்லாம் ஜரிகை போட்டவை, எதுவும் இதற்கு உதவாது.

பாய் தன் மெத்தை வண்டியில் என்னை ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்கிறார். நீ இதைப் படிக்கும்போது நான் உங்கள் கட்டடத்துக்குக் கீழே இருப்பேன். ஊர்வலம் மாதிரி வந்தேன் என்று பின்னாளில் சொல்லிக்கொள்வேன், இப்போது அதெல்லாம் இல்லை. வனிதாவை எழுப்பாதே, படியில் இறங்க விடாதே. மேலிருந்து வாங்க என்று கூப்பிடாதே. வர மனமில்லை என்றால் பாயிடம் சும்மா தலையை மட்டும் அசைத்துவிடு, அவர் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார், நடந்த பலன் இந்தக் காகிதத்தோடு உன் வீட்டுக்குள் வந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன், உன் மேல் எனக்கு ஒன்றும் இருக்காது. மனம் இருந்தால் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நீயே இறங்கி வா. மாலையைக் கழற்றின கையோடு அப்படியே தோளையும் கொடுக்க வேண்டியிருக்கும், சட்டை அழுக்காகும், பார்க்காதே. பழனி மலையை யானைப் பாதையில் போகாமல் நேர்ப்படியிலேயே ஏறி இறங்கியவன் நான். உன் வீட்டு மாடிப்படியைத் தனியாக ஏற என்னால் முடியாது, மகனே.

கீழே நிற்கிறேன்.

உன் சித்தப்பா